கொம்பையாவின் பாவாடை

சாரத்தை இறக்கிவிடாததால்தான் கொம்பையாவின் வலது கை போனது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. கீழத்தெருக்காரன் மேலத்தெரு வழியாகப் போனால், மடித்துக் கட்டிய லுங்கிச் சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். செருப்பு போடலாம். பைக்கில் போகலாம். செல்போனில் பேசிக்கொண்டே போகலாம். அதெல்லாம் வந்துவிட்டது. சாரம் மட்டும் இறங்கவேண்டும். பிடிக்காதவர்கள் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போனார்கள்.

அன்று கொம்பையா மேலத்தெருவில் நின்ற லாரிக்கு வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தான். தலையில் பெரிய தார். இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த பெரியவீட்டு மகன் நடராஜ் கூப்பிட்டான்.

“ஏலே, இறக்கி விடுலே.”

“கை ரெண்டும் தார்ல இருக்குல்லா. கண்ணு தெரியலயாவே?”

நடராஜ் தோட்டத்துக்குள் போய் அரிவாளோடு வந்தான். அவன் ஓங்குகிறவரைக்கும் நேரம் இருந்தது. தாரைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். போட்டால் காய் அடிபடும், வியாபாரி எடுக்கமாட்டான். சுமைக்காரனுக்கு அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது. வெட்டு மணிக்கட்டில் விழுந்தது. தாரும் கையும் சேர்ந்தே விழுந்தன.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்த பிறகுதான், சாரம் கட்ட இரண்டு கை வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு கையால் பிடித்து மறு கையால் இழுத்துச் சொருகவேண்டும். காலையில் மனைவி முத்துராணி கட்டிவிடுவாள். அவள் வேலைக்குப் போனபின் அவிழ்ந்தால் அவ்வளவுதான். டீக்கடை வாசலில் ஒருமுறை அவிழ்ந்து விழுந்தது. பொறுக்கி, பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தான். ரப்பர் பட்டை வைத்த கால்சட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தான். வாழைத் தோட்டத்துச் சேற்றில் நனைந்து கனத்து, தொடை இரண்டும் உராய்ந்து புண்ணாயிற்று.

முத்துராணியின் பச்சைப் பாவாடை கொடியில் கிடந்தது. நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோக்கச் சொன்னான்.

“வீட்டுக்குள்ள போட்டுக்கிடுதீயளா?”

“வெளியவுந்தான்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோத்துக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

கண்டக்டர் சிரித்தான். “என்ன அண்ணாச்சி, ஓசி டிக்கெட்டா? பொம்பளையாளுக்குத்தான் அது.”

“இந்தா துட்டு. சிரிக்கதுக்கும் சேத்துக் கிழிச்சுக் குடும்.”

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான்.

டீக்கடையில் அப்படி முடியவில்லை. சிவசண்முகம் அவனுக்கு மச்சினன் முறை, சொந்தத் தெருக்காரன். பின்னால் வந்து பாவாடையைப் பிடித்துத் தூக்கினான். “என்ன மைனி, எங்கன கெளம்பிட்டீய? தலையில பூவைக் காணும்?” கொம்பையா கையிலிருந்த கொதிக்கிற டீயை கிளாஸோடு அவன் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்து தொங்கியது. கீழே விழுந்தவனை மிதித்தான். நாலு பேர் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. கை போவதற்கு முன்பே அவன் அப்படிப்பட்ட ஆள்தான். தண்ணீர்ச் சண்டையில் ஒருவனுடைய பல்லைத் தட்டியவன். அதன்பின் கீழத்தெருவில் யாரும் பாவாடையைப் பற்றிப் பேசவில்லை. பச்சை போய் நீலம் வந்தது, நீலம் போய் மண்நிறம் வந்தது. பாவாடை கட்டிக்கொண்டே இடது கையால் வாழைக்கன்று பிடுங்கப் பழகினான். இலை அறுக்கப் பழகினான். தாசில்தார் ஆபீசுக்கும் கல்யாண வீட்டுக்கும் அப்படியே போனான்.

வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. நடராஜ் ஜாமீனில் வந்து அதே பாலத்துச் சுவரில் உட்கார்ந்தான்.

ஒருநாள் கொம்பையா இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மேலத்தெரு வழியாக வந்தான். பாவாடை கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடராஜ் பக்கத்தில் இருந்தவர்களிடம் சத்தமாகவே சொன்னான்.

“பாருங்கலே, எப்படிப் பதவிசா எறக்கி விட்டுட்டு நடக்குதான். ஒரு கை போனாத்தான் மரியாதை வருது.”

சிவசண்முகம் மைனி என்று பெண்ணாக்கிக் கூப்பிட்டது அவனுக்கு ஒன்றுமில்லை. அதற்கு ஒரு கிளாஸ் போதும். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை மாதமாக அந்தத் தெருவில் இறக்கிவிட்டபடிதான் நடந்திருக்கிறான். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டியிருந்த பாவாடையை முத்துராணி முன்னால் வீசினான்.

“முட்டுக்கு மேல வெட்டித் தை.”

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. “எதுக்கு?”

“தைன்னா தை.”

“ஒரு கை பத்தாதா ஒங்களுக்கு? கரை வழியாப் போனா கால் தேஞ்சா போவும்?”

“நான் எறக்கி விட்டுட்டேன்னு சொல்லுதாம்ட்டி.”

“சொல்லிட்டுப் போறான், நாயி.”

“அவன் சொல்லட்டும். நானே பாத்தேன், எறங்கித்தான் கெடக்கு.”

அவள் கத்தரியை எடுத்தாள். வெட்டும்போது அழுதாள். தைக்கும்போது அழவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் அவன் கிளம்பினான். மடித்துக் கட்டிய சாரம் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில் பாவாடை நின்றது. கையில் இலைக்கட்டு இல்லை, அரிவாள் இல்லை. சுவர்ப் பக்கம் வந்ததும் நடையைக் குறைத்தான்.

“எறக்கி விடுலே” என்றான் நடராஜ்.

“எதைவே எறக்க? நீரே வந்து பாரும்.”

நடராஜ் பார்த்தான். மடிப்பு இல்லை, சொருகல் இல்லை. தைத்த துணி. அதை இறக்க வழியில்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மேலத்தெருப் பெண்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் நடராஜ் எழுந்தான்.

பந்தல் கம்பு ஒன்று கிடந்தது. முதல் அடி வெறும் கெண்டைக்காலில் விழுந்தது. கொம்பையா முழங்கால் போட்டு விழுந்தான். பாவாடையின் ஓரம் மண்ணைத் தொட்டது.

“எறங்கிட்டுலே!” என்று நடராஜ் கத்தினான். “பாருங்க, எறங்கிட்டு!”

கொம்பையா குனிந்து பார்த்தான். உண்மைதான். மண்டி போட்டால் அது தரையில் கிடந்தது. இடது கையை ஊன்றி எழுந்தான். இரண்டாவது அடி முட்டியில். விழுந்தான், எழுந்தான். நடராஜ் கிட்டே வந்தபோது மொட்டை மணிக்கட்டால் அவன் மூக்கில் ஓங்கிக் குத்தினான். எலும்பு எலும்பில் மோதியது. ஆறிய தழும்பு பிளந்தது. இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாகத் தெறித்தது. நடராஜின் ஆட்கள் ஓடிவந்தார்கள். முதுகில் அடித்தார்கள், விலாவில் மிதித்தார்கள். “கெடலே, கெடலே அப்படியே” என்று ஒருவன் கெஞ்சுவதுபோல் சொன்னான். கிடந்திருந்தால் விட்டிருப்பார்கள். அவன் எழுந்தான். வலது கால் எலும்பு உள்ளே முறிந்து தனியாக ஆடியது. கரண்டுக் கம்பத்தை இடது கையால் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். பாவாடை முட்டுக்கு மேலே இருந்தது.

கீழத்தெருப் பெண்கள் இலையறுக்கும் கத்திகளோடு வரும் சத்தம் கேட்டது. முன்னால் முத்துராணி. நடராஜின் தாய் வெளியே ஓடிவந்து மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஒரு கேசு பத்தாதாலே? உள்ள வாலே, சண்டாளா!” மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் போனான். கம்பு தெருவில் கிடந்தது.

முத்துராணி புருஷனின் காலைப் பார்த்தாள்.

“உக்காருங்க. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கு.”

“இங்கன உக்கார மாட்டேன்.”

“கால் தொங்குதுய்யா.”

“இந்தத் தெருவுல உக்கார மாட்டேன்ட்டி.”

அவள் அவன் கைக்கடியில் தோளைக் கொடுத்தாள். இன்னொருத்தி மறுபக்கம் பிடித்தாள். அவன் ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போனான். முறிந்த கால் மண்ணில் இழுபட்டது. ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். மேலத்தெரு முடிந்து கீழத்தெருவுக்குள் வந்தபிறகுதான் அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான்.