ஸ்நேகா தமிழில் சொன்னது

ரக்பி என்றால் ஒரே ஆட்டம் என்றுதான் டில்லியில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். மீதிப்பேருக்கு அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே தெரியாது. உண்மையில் அதில் இரண்டு வகை. ஸ்நேகா ஆடுவது ரக்பி லீக்: பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவளை எதிராளிகள் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள். சாய்ந்தவள் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்பக்கம் உருட்டிவிட வேண்டும். இப்படி ஆறு தடவை. ஆறாவது தடவையும் சாய்ந்தால் பந்து அவர்கள் கைக்குப் போய்விடும். இதைப் பன்னிரண்டு வருடமாக எல்லோருக்கும் விளக்கி விளக்கி ஸ்நேகாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லாம் கேட்டுவிட்டு, "அச்சா, அமெரிக்கன் ஃபுட்பாலா?" என்பார்கள்.

அப்பா மகாதேவன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பெண். வீட்டுக்குள் தஞ்சாவூர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி. தமிழ் பேசுவாள், ஒரு வரி படிக்கச் சொன்னால் திருதிருவென்று முழிப்பாள். காலேஜில் கபடி ஆடிக்கொண்டிருந்தவளை ஒரு கோச் பார்த்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டார். முதல் மாதம் அவள் பட்ட பாடு இருக்கிறதே! பந்தைக் காலால் உருட்டியதும் கை தன்பாட்டுக்கு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய்விடும். புஸ்தகத்தில் கால் பட்டால் செய்யச்சொல்லி அம்மா ருக்மிணி பழக்கியது, லேசில் போகுமா? அதற்குள் பந்தை எடுக்க ஓடிவந்த சொந்த அணிக்காரி இவள்மேல் தடுக்கி விழுவாள். "பூஜையெல்லாம் பாத் மே, அப்புறம்!" என்று கோச் தலையில் அடித்துக்கொள்வார்.

கடைசியில் அவளுக்கு அமைந்தது, உருண்டு வரும் பந்தைக் குனிந்து எடுத்து அடுத்தவளுக்கு வீசுகிற இடம். அதற்கு ஆங்கிலத்தில் ஹூக்கர் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு விலைமாது என்று இன்னொரு அர்த்தம் இருப்பது மகாதேவனின் ஆபீசுக்கு நன்றாகவே தெரியும். "பொண்ணு எங்க ஆடறா?" என்று யாராவது கேட்டால் மனிதர், "நடுவுல எங்கயோ நிக்கறா சார்" என்று நழுவிவிடுவார்.

கழுத்தெலும்பு இரண்டு தடவை உடைந்தது. மூக்கு ஒரு தடவை. அந்த மூக்கைப் பார்த்துவிட்டு ஒரு வரன் காப்பி குடித்த கையோடு திரும்பிப் போனது. ஸ்நேகா கவலைப்படவில்லை. தனியார் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர் வேலை, சாயங்காலம் மைதானம், அவ்வளவுதான் அவள் வாழ்க்கை. ஒரே ஓர் ஏக்கம்தான். இந்திய அணிக்கு இரண்டு முறை தேர்வாகி, இரண்டு முறையும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒரு நிமிஷம்கூட உள்ளே இறக்கவில்லை. முப்பத்தொரு வயதில் மூன்றாவது வாய்ப்பு வந்தது: மலேசியாவில் நாலு நாட்டுப் போட்டி. இதை விட்டால் இனி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

டில்லி அணியில் அதே இடத்துக்கு ஒரு மாற்று ஆள் இருந்தாள். ஜெனிஃபர், இருபத்திரண்டு வயது. அம்மா செலின் நர்ஸ். பாளையங்கோட்டைக்காரர்கள், முனிர்காவில் குடியிருந்தார்கள். அணியில் தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் இருவர் மட்டும்தான்.

இந்திய அணிக்கான தேர்வு ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், குனிந்து பந்தை எடுத்த ஸ்நேகாவின் தலையில் எதிராளியின் முட்டி இடித்தது. எழுந்துவிட்டாள். பிசியோ அபிஷேக் ஓடிவந்தான். தலையில் அடிபட்டவளிடம் நாலு கேள்வி கேட்டு, பதிலை ஃபோனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது அவன் வழக்கம். இது எந்த மைதானம், கடைசியாக யார் பாயிண்ட் எடுத்தது, இந்த மாதிரி. எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னதாகத்தான் ஸ்நேகாவுக்கு ஞாபகம். ஆனால் அபிஷேக் முழித்தான். கோட்டோரம் நின்ற ஜெனிஃபரைக் கூப்பிட்டான். அவள் வந்து குனிந்து கேட்டாள், அவனிடம் ஹிந்தியில் ஏதோ சொன்னாள். ஸ்நேகாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். உள்ளே போனது ஜெனிஃபர்.

மூன்றாம் நாள் இந்திய அணிப் பட்டியல் வந்தது. ஜெனிஃபர் பெயர் இருந்தது. ஸ்நேகா பெயர் இல்லை.

ஸ்நேகா உடனே ஜெனிஃபருக்கு ஃபோன் போட்டாள்.

"என்னடி சொன்னே அவன்கிட்ட?"

"உங்களுக்குச் சரியில்லன்னு சொன்னேன்க்கா."

"நான் கரெக்டாத்தானே பதில் சொன்னேன்?"

"எனக்குத் தோணுனதச் சொன்னேன்க்கா. வேற என்ன சொல்லதுக்கு?"

"என் இடம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாமேடி!"

ஜெனிஃபர் ஃபோனை வைத்துவிட்டாள். ஸ்நேகா சும்மா இருப்பாளா? அணியில் ஒருத்தி விடாமல் சொல்லித் தீர்த்தாள். அதன்பிறகு பயிற்சியில் ஜெனிஃபர் தனியாகத்தான் வார்ம்-அப் செய்தாள். தண்ணீர் பாட்டில் நீட்டக்கூட ஆளில்லை. அவள் முகத்துக்கு நேராகவே "திருடி" என்றார்கள். ஸ்நேகாவும் கூட நின்று தலையாட்டினாள்.

தேர்வுக்குழுவிடம் புகார் கொடுத்துவிடுவது என்று ஸ்நேகா முடிவு செய்தாள். கையில்தான் சாட்சி இருக்கிறதே, அந்த வீடியோ! அபிஷேக் மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தான். "தீதி, எனக்கு அந்த பாஷை புரியலை. நீங்களே பாருங்க" என்று ஹிந்தியில் எழுதியிருந்தான்.

மதிய இடைவேளையில் பள்ளியின் விளையாட்டு அறையில் உட்கார்ந்து அதைப் போட்டாள். அபிஷேக் ஹிந்தியில் கேட்கிறான். திரையில் இருந்த ஸ்நேகா தமிழில் பதில் சொல்கிறாள்.

"ஆத்துக்குப் போணும். அம்மா தேடுவா."

ஜெனிஃபரின் முகம் குனிந்து வருகிறது. "அக்கா, நான் சொல்லது கேக்கா? ஆடுதியளா?"

"வேண்டாம்டி." அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று ஸ்நேகாவுக்குச் சந்தேகமாக இருந்தது. "என்னை உள்ள அனுப்பாதே. பயமா இருக்கு. எலும்பு ஒடிஞ்சதுலேர்ந்து ஒவ்வொரு மேட்சுக்கும் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதே, கேட்டியா? ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே."

"சரிக்கா. சொல்ல மாட்டேன்."

பிறகு ஜெனிஃபர் நிமிர்ந்து அபிஷேக்கிடம் ஹிந்தியில், "தலையில் பலமான அடி. வெளியே எடுத்துவிடுங்கள்" என்கிறாள். அதோடு முடிந்தது வீடியோ.

ஸ்நேகா அதைத் திரும்பப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அத்தனையும் உண்மை. அந்தப் பயத்தைப் படபடப்பு என்றும், வயதென்றும், தூக்கமின்மை என்றும் தனக்குத்தானே சொல்லி மூடிவைத்திருந்தாள். ஹிந்தியில் யாரிடமும் அவள் வாயில் வந்திருக்காத வார்த்தை அது. அவமானமாக இருந்தது. தன் பயத்தை நினைத்து அல்ல. ஜெனிஃபரை மற்றவர்கள் திருடி என்றபோது தானும் கூட நின்று தலையாட்டியதை நினைத்து. மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனாள். பெண்கள் வட்டமாக நின்று கைகால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெனிஃபர் தள்ளி நின்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்நேகா வட்டத்தின் நடுவில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஹிந்தியில் சொன்னாள்: யாரும் என் இடத்தைத் திருடவில்லை. எனக்குப் பயம். என்னை வெளியே எடுக்கச் சொன்னதே நான்தான். அதை ஒருவரிடமும் சொல்லாதே என்று கெஞ்சியதும் நான்தான். ஜெனிஃபர் சொல்லவில்லை. நீங்கள் இத்தனை பேசியும் சொல்லவில்லை.

ஜெனிஃபர் எழுந்து பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமாகவும் இருந்தாள்.

"ஏன்க்கா சொன்னிய? நாந்தான் சொல்ல மாட்டேன்னு சொன்னேம்லா?"

"நீ சொல்லலைடி," என்றாள் ஸ்நேகா. "நான்தான் சொல்லணும்."