டிங்கக்கா தட்டிய கப்புகள்

எங்கள் பீங்கான் தொழிற்சாலையில் அவளை டிங்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். சூளையிலிருந்து வந்த டீ கப்பை மூன்று விரலில் நிறுத்தி, சின்ன மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு. டிங் என்றால் நல்ல கப். டொக் என்றால் உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். சூடான டீ பட்டுப் பட்டு என்றைக்காவது ஒரு நாள் வாய் பிளக்கும். டொக் கப்பை உடைசல் தொட்டியில் போடுவாள். டிங் கப்பை எதிரே உட்கார்ந்திருக்கும் என்னிடம் தள்ளுவாள், நான் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குவேன். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதே வேலை. யார் வீட்டில் டீ கொடுத்தாலும் கப்பை நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். கிண்டல் செய்தால், "டீ கெட்டா துப்பிக்கலாம். கப்பு கெட்டா தொடை வெந்துடும்டி" என்பாள்.

அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதை நான் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. தட்டும்போது அவள் கப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த டொக் சத்தமே ஆகாது, கேட்டால் மூக்கு தானாகச் சுருங்கிவிடும். மூக்கு சுருங்கினால் கப் தொட்டிக்குப் போயிற்று. ஒரு நாள் நல்ல கப் ஒன்றுக்கு வேண்டுமென்றே முகம் சுளித்தேன். அருமையான கப், தூக்கித் தொட்டியில் போட்டாள்.

சொல்லியிருக்க வேண்டும். யாரிடம் சொல்வது? புருஷன் போன பிறகு அந்தக் குச்சியை வைத்தே ஒரு பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். நானும் பெரிய தியாகி மாதிரி வாயை மூடிக்கொண்டு, நாள் முழுக்க மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரே இருக்கிற வரை ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். என்ன திமிர் எனக்கு!

போன மாதம் என் மகனுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் லீவு போட்டேன். அந்த வாரம் அவள் யார் முகத்தைப் பார்த்துத் தட்டினாள் என்று திரும்பி வந்தபோது கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"நீ இல்லாதப்ப பொண்ணு வீட்டுக்கு ஆறு கப்பு எடுத்தேன்டி. பூப்போட்டது. நானே தட்டிப் பாத்துப் பொறுக்குனேன்."

"குடுத்துட்டியாக்கா?"

"அப்பவே குடுத்துட்டேன். ஷோகேஸ்ல வெச்சிருக்கா."

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது. ஷோகேஸ் கப் எந்த வீட்டில் வெளியே வருகிறது? விளிம்பு உடைந்த பழைய கப்பில்தான் ஆயுசு முழுக்கக் குடிக்கிறோம். அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்றுக் காலை சூப்பர்வைசர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தான். கப்புகள் தனி, கைப்பிடிகள் தனி.

"டீக்கடையில ரெண்டு பேருக்குக் கை வெந்துபோச்சு. யாரு தட்டினது இது?"

பெட்டிமேல் தேதி இருந்தது. நான் லீவில் இருந்த வாரம். அக்காவும் அதைப் படித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருக்க, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னைக்கு மாப்பிள்ளையோட ஆபீஸ்காரங்க வீட்டுக்கு வர்றாங்கடி. அந்தக் கப்பைத்தான் எடுப்பா. பேத்தி சும்மா இருக்க மாட்டா, யார் உட்கார்ந்தாலும் மடியில ஏறுவா."

மகளுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் கத்தினாள்.

"அந்தப் பூப்போட்ட கப்பைத் தொடாதடி! அப்படியே இருக்கட்டும், கேக்குதா?"

போன் முழுச் சத்தத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அம்மா, கைப்பிடி கையோட வந்துடுச்சும்மா. பாப்பா மேல கொட்டிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேங்கிறாரு. சீக்கிரம் வாம்மா."

"சரிடி, சரிடி" என்று சொல்லி அக்கா போனை அணைத்தாள். நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"எடுக்கலையாம்டி. அப்படியேதான் இருக்காம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உள்ளே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கேட்க வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினேன்.