இரண்டு மில்லி ரத்தம்

மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்குப் பதினேழு வருட சர்வீஸ். நோயாளியின் ரத்தத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது வேலை. அதற்கு இரண்டு மில்லி ரத்தம் வேண்டும், அரை நாள் வேண்டும்.

ஒருநாள் குறைமாதக் குழந்தைகள் வார்டு நர்ஸ் வந்து நின்றாள். வலிப்பு மருந்து எடுக்கும் ஒரு குழந்தைக்கு அளவு பார்க்க வேண்டும்.

"ரெண்டு மில்லி கொண்டாங்க."

"அக்கா, குழந்தையே எழுநூறு கிராம். அவ்வளவு எடுத்தா அதுக்கே ரத்தம் ஏத்தணும்."

விதி விதிதான் என்று திருப்பி அனுப்பினாள். மருந்தை உத்தேசமாகக் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது, அதில் இவள் பங்கு எதுவும் இல்லை. அதுதான் உறுத்தியது.

தலைமை அதிகாரியிடம் போய், ஒரு சொட்டிலேயே அளக்க முயன்று பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

"ஒரு சொட்டெல்லாம் மிஷினுக்குப் பத்தாதும்மா."

"மிஷின் கேக்குறது சொட்டுதான் சார். ரெண்டு மில்லி கேக்குறது நாமதான்."

"சரி, செய்ங்க. மத்த வேலை கெடக் கூடாது."

மெல்லிய ஊசிக்குழலுக்குள் மருந்தை ஈர்க்கும் தூளில் ஒரு சிட்டிகை அடைத்தாள். தண்ணீர் கலந்த ரத்தச் சொட்டை உள்ளே இழுத்தால் மருந்து தூளில் ஒட்டிக்கொள்ளும். தூளைக் கழுவிவிட்டு, ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் மருந்து இறங்கி வரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பரிசோதனைக்குத் தன் விரல் ரத்தத்தில் மருந்தைக் கலந்து பார்த்தாள். கலந்ததில் பாதிதான் திரும்பி வந்தது. மீதி எங்கே போனதென்று கடவுளுக்கே வெளிச்சம். தன் விரல்கள் தீர்ந்ததும் கணவன் விரலுக்கு வந்தாள்.

"சோறு போடலைன்னாக்கூடப் பரவால்ல, விரலை விட்டுடு," என்றான் அவன், கையை நீட்டியபடியே. "எத்தனை மாசத்துக்கு இது?"

நாலு மாதம் ஆனது. தப்பு தூளில் இல்லை, அவள் கையில். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் மாதிரி எதையும் செய்கிறவள், குழலுக்குள் ரத்தத்தையும் வெடுக்கென்று இழுத்திருக்கிறாள்; மருந்து தூளில் ஒட்ட நேரமே இல்லை. பத்து எண்ணி மெல்ல இழுத்தாள். மருந்து முழுதாக வந்தது.

அடுத்த மாதம் அதே நர்ஸ், வேறொரு குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு கொண்டுவந்தாள். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு மருந்து இருந்தது.

"உங்க ஊசிதான் தப்பு," என்றார் அதிகாரி.

தண்ணீர் கலந்த சொட்டில் மிச்சமிருந்ததை வைத்து மறுபடி செய்தாள். அதே இரண்டு மடங்கு. டாக்டர் மருந்தைக் குறைத்தார். துவண்டு கிடந்த குழந்தை நாலாம் நாள் வார்டே அதிர அழுததாம். நர்ஸ் போனில் சொன்னபோது இவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

ரத்த மாதிரிப் படிவத்தில் இப்போது அளவு 0.05 மில்லி, அதாவது ஒரு சொட்டு. அச்சுப்பிழை என்று நினைத்துப் பல வார்டுகள் இன்னும் இரண்டு மில்லியே அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, "பிழையில்லீங்க, அவ்வளவுதான்" என்று சொல்வதும் அவள் வேலையில் சேர்ந்துவிட்டது.