அவசரம் லேது

என் அக்கா மகள் தரணி, ஆந்திராவில் சத்தியவேடு பக்கம் எங்கள் தெருவில் கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் ஆள். திருப்பதியில் எல்.எல்.பி. முடித்து, அங்கேயே எல்.எல்.எம்.முக்கும் இடம் வாங்கியிருந்தாள். வாதாடிப் பேர் வாங்கும் ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. மாதச் சம்பளத்தில் ஒரு வேலை, நைனாவைக் கூலி வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நைனா, அவள் அப்பா, என் மாமா எத்திராஜ். வயல்களை வளைத்துக் கம்பெனிகள் வந்த சமயம், ஒரு கம்பெனியில் கட்டட வேலை பார்த்தார். மகள் வக்கீலுக்குப் படித்ததை அங்கே அவர் சொல்லாத ஆளில்லை. மேனேஜர் காதுக்கும் போயிற்று. அவர் விஜயவாடாக்காரர். சட்டப் பிரிவில் வேலை இருக்கிறது, பெண்ணை வரச் சொல் என்று தெலுங்கில் சொன்னார். மாமா சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. எல்.எல்.எம். படிக்கப் போகிறாள் என்றார்.

“எல்.எல்.எம். அவசரம் லேது” என்றார் மேனேஜர்.

விஜயவாடாப் பக்கத்துத் தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. எங்கள் பக்கத்துத் தெலுங்கில் தேவையில்லை என்பதற்கு ‘அக்கரலேது’தான். சந்தையிலும் பஸ்ஸிலும் அதை வைத்தே மாமாவின் காலம் ஓடிவிட்டது. அவர் காதில் விழுந்தது நம் தமிழ் அவசரம்.

“கண்ணு, வேல உனக்குத்தான். அவசரம் இல்லியாம். மெதுவா படிச்சி முடிச்சிக்கினு வரட்டும்னாரு” என்று வீட்டில் வந்து குதித்தார். நைனா சொன்னால் தரணி மறுபேச்சு பேசமாட்டாள். போய்ப் படித்தாள். முதல் வகுப்பில் தேறினாள்.

இரண்டு வருஷம் கழித்து தரணி, மாமா, நான் மூவரும் கம்பெனிக்குப் போனோம். அதே மேனேஜர். வெறும் எல்.எல்.பி. படித்த ஒரு பையனை அப்போதே எடுத்துவிட்டாராம். “எல்.எல்.எம். அவசரம் லேதுன்னு உங்க நாயனகிட்ட அன்னிக்கே செப்பினேனே அம்மா” என்றார். இவ்வளவு படித்தவள் இங்கே நிலைக்கமாட்டாள், காலேஜில் பாடம் நடத்தப் போகலாமே என்று யோசனை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலேஜில் கேட்டால் நெட் பரீட்சை தேறினாயா என்பார்கள். கோர்ட்டில் எல்.எல்.எம்.மை ஒருவனும் சீந்தமாட்டான்.

தெலுங்கு மீடியத்தில் படித்த தரணிக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று. வெளியே வந்ததும், “இடம் காலி இல்லியாம் நைனா” என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அவுங்க தெலுங்குல அவசரம்னா இன்னா கண்ணு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் விடவில்லை.

“தேவைன்னு அர்த்தம் நைனா. உன் காதுல விழுந்ததும் தப்பில்ல.”

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் அழுகை அடங்கவில்லை. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் செவுடனா பொறந்திருந்தா, நீயே போயி கேட்டிருப்பியே கண்ணு” என்றார்.