டல் வாரத்துக்கு அரை மாத்திரை

மருந்துக் கடைக்காரர் அந்த அட்டையை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தபோது நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்காக வாரா வாரம் வாங்கும் மாத்திரைதான். வேறு கம்பெனி போட்டது, விலை மூன்றில் ஒரு பங்கு.

"மருந்து ஒண்ணுதானுங்க அம்மணி. பொடி எழுத்துல கீழ இருக்குது பாருங்க, ரெண்டுலயும் ஒரே பேருதான். கம்பெனிதான் வேற" என்று சொல்லி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"பேரு அச்சடிக்கறதுக்கு எவ்வளவு நேரமாகுங்க?" என்று கேட்டுவிட்டு, விலை கூடியதையே வாங்கிக்கொண்டு வந்தேன். ஏதோ ஏமாற இருந்தவள் தப்பித்துவிட்ட மாதிரி ஒரு நடை வேறு. அன்றைக்கு யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஒரே துணி, ஒரே மிஷின், ஒரே டெய்லர். ஆனால் முந்நூறு பீஸ் ஒரு லேபிளோடு போகும், அடுத்த முந்நூறு இன்னொரு லேபிளோடு போகும். இரண்டுக்கும் விலை ஏணி வைத்தாலும் எட்டாது. இதைத் தினமும் கையில் பிடித்துப் பார்த்தவளுக்கு மாத்திரை விஷயத்தில் மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. ஏறியது வேறு. ஓட்டை விழுந்தது, சாயம் திட்டுத் திட்டாக நின்றது, தையல் கோணியது எல்லாவற்றையும் நாங்கள் கழித்துப் போடுவோம். அதன் லேபிளை வெட்டிவிட்டு, செகண்ட்ஸ் என்று கிலோக் கணக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். நான் கழித்த பீஸே புதுப் பெயர் ஒட்டிக்கொண்டு நடைபாதைக் கடையில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். விலை குறைந்தால் அது கழித்துப் போட்டது. என் படிப்பு அவ்வளவுதான். கழித்துப் போட்டதையா என் வீட்டுக்காரருக்குக் கொடுப்பேன் என்று எனக்கு ஒரே வீராப்பு.

அவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை எழுபது எண்பது மடிப்பாக அடுக்கி, மேலே அளவு அட்டையை வைத்து வரைந்து, கரண்டு மிஷினை விட்டு ஒரே ஓட்டத்தில் வெட்டி எடுக்க வேண்டும். கை ஒரு நூல் நகர்ந்தால் எண்பது பீஸும் வீண். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் விரல் போய்விடும். கல்யாணமாகி நாலாவது வருஷம் அவருக்குத் தூக்கம் போனது. பேச்சு ஏறியது, கம்பெனியையே விலைக்கு வாங்கப் போவதாகச் சொன்னார், பிறகு ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வந்து உட்காரும் டாக்டர்தான் அவரைத் தேற்றினார். "மாத்திரையை விடாமப் போட்டா மிஷினைத் தொடலாம். விட்டா, மிஷின் பக்கமே விடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அந்த மிஷின்தான் எங்கள் சோறு. கம்பெனியில் கேட்டவர்களுக்கெல்லாம் பிரஷர் மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தோம்.

டாக்டரிடம் உட்காரும் நேரம் இரண்டு நிமிஷம். காத்திருப்பது மூன்று மணி நேரம். "எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டால் "போட்டுட்டே இருங்கம்மா" என்பார். போட்டுக்கொண்டே இருக்கலாம், வாங்கிக்கொண்டே இருப்பது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். இரண்டு பேருக்கும் ஒரு ஷிப்ட் சம்பளம் போனது, பஸ் காசு போனது, அன்றைக்கென்று அந்த மாத்திரை ஸ்டாக் இல்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பனியன் கம்பெனிச் சம்பளம் சனிக்கிழமைச் சம்பளம். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று ஓடும். ஷிப்மெண்ட் போய்விட்டால் டல். டல் என்றால் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. அப்போது எல்லா வீட்டிலும் கறி நிற்கும், சினிமா நிற்கும், சீட்டுக்காரரிடம் சாக்குச் சொல்வோம். நான் மாத்திரையையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். டல் வாரத்தில் அவர் மிஷினைத் தொடப் போவதில்லை. வீட்டில்தானே இருக்கிறார், எதற்கு முழு மாத்திரை? அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக நறுக்கினேன். டல் நீண்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆர்டர் வந்துவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி முழுசு. இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாமே ஷிப்மெண்டுக்குத் தக்கபடிதான் ஓடியது, மாத்திரையும் ஓடும் என்று நினைத்தேன்.

அவர் கேள்வியே கேட்கமாட்டார். கையை நீட்டுவார், நான் வைப்பேன், தண்ணீரோடு விழுங்குவார். "பாதிதான இருக்குது புள்ள?" என்று ஒருமுறை கேட்டார். "டாக்டர் கொறைக்கச் சொன்னாருங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

முதல் டல்லில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதிலும் ஆகவில்லை. டாக்டரைவிட நான் கெட்டிக்காரி என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்துவிட்டது. மூன்றாவது டல் ஏழு வாரம் இழுத்தது. அதன் கடைசியில் அவர் விடியுமுன் எழுந்து பாத்திரம் கழுவிவைத்தார். பாட்டுப் பாடினார், பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுவைத்துப் பேசினார். எனக்கு ஒரே சந்தோஷம். மனுஷன் பழையபடி ஆகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பழைய நோய்தான் திரும்பி வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்டர் வந்தது. குழந்தைகள் பனியன். திங்கட்கிழமை முழு மாத்திரை கொடுத்தேன், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி குணம் வந்துவிடும் என்று. புதன்கிழமை மத்தியானம் செக்கிங் பகுதிக்கு ஆள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அளவு அட்டையெல்லாம் தரையில் கிடக்கிறது. அவர் மனதில் தோன்றியபடி துணி அடுக்கில் வளைத்து வளைத்து வெட்டிக்கொண்டிருக்கிறார். "இனி இந்தக் கழுத்துத்தான் உலகம் பூரா போடப் போறாங்க, பாத்துட்டே இருங்க!" என்று கத்துகிறார், சிரிக்கிறார், மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிட்டே போக யாருக்கும் தைரியம் இல்லை. யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர். திட்டவில்லை. "அம்மணி, உங்க ஊட்டுக்காரரைக் கூட்டீட்டுப் போயிருங்க. கை போகலீங்களே, அதுவே பெருசு" என்றார். இனி வர வேண்டாம் என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஏன் குறைத்தாய் என்று எகிறினார். "கட்டுப்படியாகலீங்க சார்" என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது. "அதை முதல்லயே சொல்லக்கூடாதா? விலை கம்மியா வேற கம்பெனி எழுதியிருப்பேனே." நீங்கள் முதலில் கேட்டிருக்கக்கூடாதா என்று நாக்கு நுனி வரை வந்தது. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்ட் முடித்துச் செக்கிங் உடுப்போடு வந்து எதிரில் நிற்கிறேன், பனியன்பஞ்சு தலையில் ஒட்டியிருக்கிறது, என்னிடம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாதா? பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயர் எழுதினார். கடையில் நீட்டினேன். வந்தது அதே அட்டைதான், அன்றைக்கு நான் தொடாமல் விட்டது.

அந்த மாத்திரையில்தான் அவர் தேறினார். மூன்று மாதத்தில் பேச்சு அடங்கியது, தூக்கம் வந்தது, முகத்தில் களை வந்தது. ஆனால் கட்டிங் மிஷினை அவர் கையில் கொடுக்க ஒரு கம்பெனியும் தயாராக இல்லை. திருப்பூரில் நல்ல டெய்லர் யார் என்பது பரவ வருஷமாகும், இது பரவ ஒரு வாரம் போதும். பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் பண்டல் தூக்கும் வேலைதான் கிடைத்தது. பாதிச் சம்பளம். அதற்கும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காசில்லாததுக்கு நீ என்ன புள்ள பண்ணுவே. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்று என்னைத் தேற்றினார். கடைக்காரர் அன்றைக்கே விலை குறைந்ததை எடுத்துக் காட்டியதைச் சொல்லாமல் அந்த ஆறுதலை நானும் வாங்கிக்கொண்டேன்.

அதோடு போயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வாங்க இரண்டு பேருமாகப் போனோம். கடைக்காரர் அவரை அதுவரை பார்த்ததில்லை. அட்டையைக் காகித உறையில் போட்டுக்கொண்டே அவரைப் பார்த்து, "இப்பத்தானுங்க அம்மணி வழிக்கு வந்திருக்கறாங்க. இதே மாத்திரையை ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எடுத்துக் காட்டுனேன். வேண்டவே வேண்டாம்னுட்டாங்க" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். சில்லறையை வாங்கும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். நின்ற பிறகுதான் கேட்டார்.

"அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"இதே வெலைக்கா?"

"ஆமாங்க. நாந்தான் செகண்ட்ஸா இருக்குமோன்னு..."

அவரும் பனியன்காரர்தானே, விளங்கும் என்று நினைத்தேன். விளங்கித்தான் இருக்க வேண்டும், என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுரோட்டில் நிற்க வைத்து நாலு வார்த்தை கத்தியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் கத்தவில்லை. நிற்கக்கூட இடமில்லாத ஒரு பஸ் வந்து போனது. அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

மாத்திரை கேட்கிறார் என்று நினைத்து, "சாப்பிட்டுட்டுத்தானுங்க போடோணும்" என்றேன்.

"அட்டையைக் குடு" என்றார்.

கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இனி நானே பாத்துப் போட்டுக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அவருடைய மாத்திரையை நான் கையால் தொட்டதில்லை.