பச்சையாகத் தெரிந்த ஏரி

போன செவ்வாய்க்கிழமை வரை பச்சை நிறத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை.

மூலக்குளத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜெயந்திக்கு, வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்ப்பதுதான் வேலை. சாட்டிலைட் படங்களை வருட வாரியாக ஒப்பிட்டு, எந்த ஏரி சுருங்கியது, எங்கே மரம் குறைந்தது, பறவைக்கும் மீனுக்கும் இடம் மிச்சமிருக்கிறதா என்று அரசாங்கத்துக்கு அறிக்கை தயாரிக்க வேண்டும். அதை வைத்துத்தான் மேலே திட்டம் போடுவார்களாம்.

"பாகூர் பக்கம் ஒரு ஏரிக்கா. ஓரமெல்லாம் புல்வெளியா மாறியிருக்கு. 'பசுமைப் பரப்பு அதிகரிப்பு'ன்னு எழுதிட்டேன். சும்மா ரெண்டு போட்டோ எடுக்கணும். வர்றீங்களா?"

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு ஓசியில் விஷயம் கிடைத்தால் கசக்குமா? ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

கரையிறங்கிப் பார்த்தால் — படத்தில் இருந்தது அப்படியே! முழங்கால் உயரத்துக்குப் புல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஜெயந்தி செல்போனைப் பார்த்தபடியே முன்னால் நடந்தாள்.

"ஏ யம்மா! நில்லு! அது தரை இல்ல!"

கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரல். நான் நின்றுவிட்டேன். ஜெயந்தி திரும்பினாள்... திரும்பியவள் அப்படியே கீழே இறங்கினாள். சத்தமே இல்லை. இடுப்பு வரை. பிறகு மார்பு வரை. எட்டிப் பிடித்த புல்லெல்லாம் அவளோடு சேர்ந்து அமுங்கியது.

"அக்கா... கால்ல ஏதோ சுத்துதுக்கா..."

நான் என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. கத்தக்கூட இல்லை.

அந்தப் பெண் — பெயர் அஞ்சலை என்று பிறகுதான் தெரிந்தது — தன் புல்லுக்கட்டை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன்மேல் குப்புறப் படுத்து, மாடு கட்டும் கயிற்றை வீசினாள்.

"உதைக்காத! உதைச்சா இன்னும் சுத்தும். கயித்தப் புடி!" என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா மரமாட்டம் நிக்கிற? என் காலப் புடிச்சி இழு!"

இழுத்தேன். எவ்வளவு நேரம்? தெரியாது. கரைக்கு வந்தபோது ஜெயந்தியின் உடம்பெல்லாம் கறுப்புச் சேறு. கால்களில் கொத்துக் கொத்தாக வேர். செல்போன் உள்ளேயே போய்விட்டது.

"ஆகாயத்தாமரைம்மா. மக்கி மக்கி மண்ணாட்டம் ஆயிடுச்சி, அது மேல புல்லு மொளச்சிக்கினு கீது. கீழ ரெண்டு ஆளு ஆழம் தண்ணி," என்றாள் அஞ்சலை. "எங்க கன்னுக்குட்டி ஒண்ணு உள்ள போச்சி. வரவே இல்ல."

"மீன்?" சேற்றைத் துடைத்தபடி ஜெயந்தி கேட்டாள்.

"வெயிலே உள்ள போவல, மீன் எங்க பொழைக்கும்? நாரை, வாத்து எல்லாம் இந்த மாசத்துல வரும். இப்பவும் வருது. மேல சுத்திச் சுத்திப் பாக்குது. தண்ணி தெரியலன்னு போயிடுது."

பறவைகளும் மேலேயிருந்துதான் பார்க்கின்றன. அவை ஏமாறவில்லை!

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். ஜெயந்தியின் நடுக்கம் என் முதுகில் தெரிந்தது. மூழ்கிய பயம் என்று நினைத்தேன்.

"மத்த ஏரி எதையும் நான் நேர்ல பாக்கலக்கா. படத்துல பச்சை தெரிஞ்ச எடத்துலல்லாம் 'அதிகரிப்பு'ன்னு எழுதியிருக்கேன்."

மறுநாள் அறிக்கையைத் திருத்தினாள். இந்த ஏரியில் இருப்பது புல்வெளி அல்ல, நீரை மூடிய களை. மற்ற இடங்களையும் நேரில் பார்க்காமல் ஏற்க வேண்டாம் என்று, தான் மூழ்கிய கதையையும் சேர்த்து எழுதி அனுப்பினாள். சாயங்காலமே அதிகாரியின் போன். அவள் போன்தான் ஏரிக்குள் போயிற்றே, அறிக்கையில் கொடுத்திருந்த என் எண்ணில்தான் பேசினாள், ஸ்பீக்கரில்.

"பச்சைன்னா நல்லதுதானேம்மா? சரி, இந்த ஏரிய மாத்திடலாம். மத்ததுக்கெல்லாம் ஆள் அனுப்ப நேரம் எங்க? அது அப்படியே போகட்டும்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பரவாயில்லம்மா, நானே போட்டுக்கறேன். நீ மொதல்ல உடம்பப் பாத்துக்கோ. டாக்டர்கிட்ட காட்டினியா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

குரலில் உண்மையான அக்கறை இருந்தது. நல்ல மனிதர்.

அதுதான் எனக்கு அந்தப் பச்சையைவிடப் பயமாக இருக்கிறது.