மடியில் வைத்த கைடு

பட்டுப்புடவை விற்கிற ஆரணிக்காரன் தலையில் யாரும் எதையும் கட்டிவிட முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். போன ஆடியில் ஒரு புத்தகக் கடைக்காரர் அந்த நம்பிக்கையை மூட்டை கட்டி என் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

மகளுக்கு நீட் தேர்வில் பிசிக்ஸ் ஒருமுறை காலை வாரிவிட்டிருந்தது. இன்னொரு முறைதான் எழுதுவேன், அதிலும் வராவிட்டால் டாக்டர் ஆசையை விட்டுவிட்டு பி.எஸ்ஸி. சேர்ந்துவிடுவேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

"பழைய கேள்விங்களுக்கு ஸ்டெப் போட்டு விளக்கின பிசிக்ஸ் புக்குப்பா. மெல்லிசா இருக்கும். அது மட்டும் வாங்கினு வா" என்று என்னை அனுப்பினாள்.

கடைக்காரர் உட்காரவைத்தார். கேட்டதை விட்டுவிட்டுப் பெரிய பெரிய கைடுகளாக எடுத்துப் போட்டார். "எடுக்கணும்னு இல்லீங்க, சும்மா பாருங்க." இது நான் தினமும் சொல்கிற வசனம். "போளூர்ல ஒரு பொண்ணு இதைப் படிச்சிதான் சீட் வாங்குச்சு." இந்த இடத்தில் நான், "இது டாக்டரம்மா எடுத்த கலருங்க" என்பேன். "கடைசி செட்டுங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. வந்த அம்மா எந்தப் புடவையை இழுத்து மடியில் போட்டுக்கொள்கிறாரோ, அது விற்றுப்போன புடவை. கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தபோதுதான் குனிந்து பார்த்தேன். இருப்பதிலேயே தடியான கைடு என் மடியில் இருந்தது. எல்லாம் தெரிந்தும் செட்டாகவே வாங்கினேன். இதை வாங்காததால் அவளுக்கு சீட் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். பயத்தோடு வருகிறவனிடம் எதையும் விற்கலாம்.

வீட்டில் மகள் மூட்டையைப் பிரித்தாள். "இன்னாப்பா, கேட்டதைத் தவிர எல்லாம் இருக்குது?"

மறுநாள் அவளே மூட்டையோடு என்னைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று பில்லில் அச்சடித்திருந்தது. அவள் வாதாடவில்லை. எங்கள் கடைக்கு வருகிற வந்தவாசி அம்மாக்கள் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்து, அலமாரியையே இறக்கச் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஒவ்வொரு புத்தகத்திலும் தனக்கு வராத அந்த ஒரு கணக்கையே தேடிப் படித்துத் தள்ளி வைத்தாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "இன்னா வேணுமோ மாத்திகினு போம்மா, ஜல்தியா எடு" என்றார் கடைக்காரர்.

அடித்தட்டிலிருந்து வந்த மெல்லிய புத்தகத்தை மட்டும் நெடுநேரம் படித்தாள். என் பேனாவை வாங்கி, பில்லின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைச் சரிபார்த்தாள்.

"வந்துடுச்சுப்பா" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், "அந்த செட்டும் இருக்கட்டும், சேர்த்தே கட்டிடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். மகள் அந்த மெல்லிய புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, என் சட்டைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.